மேலே பார்த்த ரிங்

வாளையார் செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் அண்ணனுக்கு லாரி டயர் பஞ்சர் கடை. நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அண்ணன் பத்தாவதோடு நின்றுவிட்டவர். கடைக்கு வருகிற டிரைவர்களிடமெல்லாம் என் படிப்பைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

பழைய லாரிச் சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்பு வளையம் உண்டு. லாக் ரிங் என்பார்கள். அது சரியாக உட்காராமல் காற்று ஏறினால் தெறித்துவிடும். அதனால் ரிங் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுத்தான் அண்ணன் காற்றடிப்பார். அப்படிப் போட்டால் ரிங் உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. சந்தேகம் வந்தால் காற்றை இறக்கி, புரட்டிப் பார்த்து, மறுபடி கவிழ்க்க வேண்டும். இடுப்பு வலிக்காரருக்கு அது பெரும்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏன் அம்மிணி, ரிங்கு மேல பாத்தா என்ன, கீழ பாத்தா என்ன? மேல பாத்தா ரிங்கு எகிறும், கீழ பாத்தா சக்கரம் எகிறும். ரெண்டும் ஒண்ணுதான?"

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிரக்கூட இல்லை.

"ரிங்குக்கும் சக்கரத்துக்கும் ஒரே தள்ளுதானுங்ணா. எப்படி வெச்சாலும் ஒண்ணுதான்."

தள்ளு ஒன்றுதான் என்பதில் பிழையில்லை. இரண்டுக்கும் உந்தம் சமம். ஆனால் சக்கரம் ரிங்கைவிட இருபது மடங்கு கனம் என்று வையுங்கள். உந்தம் சமமாக வேண்டுமானால் ரிங் இருபது மடங்கு வேகத்தில் போயாக வேண்டும். இயக்க ஆற்றலும் சக்கரத்துக்குக் கிடைப்பதைப்போல இருபது மடங்கு அதற்குப் போய்விடும். ஆளைக் கொல்லும் வலு ஏறக்குறைய முழுவதும் லேசான சாமானுக்குத்தான். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். அண்ணனுக்குப் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். பஞ்சர் கடைக்கு இது போதும் என்ற திமிர், வேறென்ன.

பத்து நாள்கூட ஆகவில்லை. சிமெண்ட் லாரி ஒன்று அவசரப்படுத்தியதாம். அண்ணன் ரிங்கை மேலே பார்க்க வைத்து, அது உட்காருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே காற்றடித்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது சக்கரம் போட்ட இடத்திலேயே கிடந்தது. ரிங் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. அண்ணனின் முகத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை.

காரியம் முடிந்து சொந்தபந்தங்கள் கிளம்பிய பிறகு அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பவும் கீழ பாக்கத்தான வெப்பாரு. அன்னிக்கி மட்டும் எதுக்கு அம்மிணி மேல வெச்சாரு? நீ படிச்சவ, உனக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"தெரியலீங்க அண்ணி" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.