தூக்கம் வராத மாத்திரை

அந்தச் சாயங்காலம் மருந்துக் கடையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மருந்து எடுத்துக் கொடுக்க நான், பில் போடும் அக்கா, கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர், மொபெட்டில் அவரைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்த அவர் மனைவி. கடை முதலாளி சரக்கெடுக்கச் சேலம் போயிருந்தார். டிரைவரின் லாரி முதலாளியும் அங்கே இல்லை. ஆனால் பேச்செல்லாம் கடைசியில் அவரிடம்தான் போய் நின்றது.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் ரோட்டில் எங்கள் கடை. லாரிக்காரர்கள் வராத நாளே கிடையாது.

"தம்பி, தூக்கம் வராத மாத்திரை குடுங்க," என்றார் டிரைவர்.

எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டுவதற்கு மாத்திரை கேட்டு வருகிறவர்கள் உண்டு. "அந்த மாதிரியெல்லாம் இங்க விக்கறதில்லீங்க," என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

அக்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, தூக்கம் வரலீன்னா டாக்டரப் பாருங்க. சீட்டு இல்லாம தூக்க மாத்திரை தர மாட்டோம்."

"அட என்னங்க இது! நீங்க தூங்க வெக்கற மாத்திரைங்கறீங்க, தம்பி முழிக்க வெக்கற மாத்திரைங்குது. நாங் கேட்டது..." அதற்குள் தும்மல் வந்துவிட்டது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கவுண்டர் மேலிருந்த இருமல் மிட்டாய் டப்பாவை அவர் மனைவி ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"சளி மாத்திரைங்க தம்பி. போட்டா தூக்கம் வரக் கூடாது. அதத்தான் இப்படிக் கேக்கறாரு. இன்னைக்கு ராத்திரி எறணாகுளத்துக்கு முட்டை லோடு. புது வண்டி. இவர நம்பி மொத நடை குடுத்திருக்காங்க. மாட்டேன்னா சாவி வேற ஆள் கைக்குப் போயிரும்."

விஷயம் இதுதான். அலமாரியில் கையை நீட்டினால் மாத்திரை. தூக்கம் குறைவாக வரவைக்கிறவையும் இருக்கின்றன. எடுத்துக் கொடுத்துவிட்டால் அவரும் சந்தோஷமாகப் போவார், கடைக்கும் வியாபாரம். ஆனால் சீட்டில்லாமல் கேட்கிற மருந்துக்கு, கேட்டது எதுவென்று பார்ப்பதைவிடக் கேட்கிற ஆள் யாரென்று பார்ப்பதுதான் பெரிய வேலை என்பதைக் கவுண்டரில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

விசாரித்ததில், காய்ச்சல் இல்லை. மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது, கண் அரிக்கிறது. முந்தின நாள் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் ஏற்றியிருக்கிறார். அப்படியென்றால் தூசி ஒவ்வாமையாக இருக்கலாம்.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்புடறீங்களா?"

"பிரசருக்குக் காலைல ஒண்ணு."

அதோடு மூக்கடைப்புக்கான மருந்து கலந்த சளி மாத்திரைகள் எல்லாம் கழிந்தன. அவை ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

"இந்தச் சளிக்கு ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு எந்த மாத்திரைக்கும் பெயர் தெரியாது, நிறம்தான் தெரியும். பெட்டிக்கடையில் வாங்கியதை அவர் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். அதனால் இன்னொரு தடவை கேட்டேன். "டீக்கடை, பொட்டிக்கடை எங்கயாச்சும் வாங்கிப் போட்டீங்களா? வெள்ளையா, மஞ்சளா?"

"போட்டாருங்க," என்றார் மனைவி. "மத்தியானம் சோத்துக்கு முன்னாடி ரெண்டு மஞ்ச மாத்திரை. அப்பறம் தின்ன கைகூடக் களுவாம தட்டு முன்னாடியே தூங்கிட்டாரு."

"ஏம்புள்ள, அதெல்லாமா சொல்றது?"

"பின்ன? மூக்க மட்டும் காட்டுனா மருந்து குடுப்பாங்களா?"

டிரைவரின் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைத் துண்டு வெளியே வந்தது. படித்தேன். நன்றாகவே தூங்கவைக்கக்கூடிய மருந்து, அதுவும் இரட்டை அளவு. இதன் மேல் எந்த நல்ல மாத்திரையைக் கொடுத்தாலும் உள்ளே போன அசதியை அது வெளியே எடுக்காது.

"அண்ணா, ராத்திரி நீங்க ஸ்டீரிங் புடிக்கக் கூடாதுங்க," என்றேன்.

அவர் முகம் இறுகியது. போனை எடுத்து லாரி முதலாளிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீயே சொல்லு என்பது போல.

நான் சொன்னேன்.

"தும்மலுக்கு ஆள் மாத்தோணுமா? நாளைக்குக் கொட்டாவிக்கு லீவு கேப்பாப்லயா?" என்றது குரல். "தம்பி, நீ டாக்டரா?"

"இல்லீங்க, மருந்துக் கடைக்காரனுங்க. தும்மலுக்குச் சொல்லலீங்க. தும்மலுக்குப் போட்ட மாத்திரைக்குச் சொல்றேன். மத்தியானம் தட்டு முன்னாடி தூங்கிருக்காருங்க. ராத்திரி பின்னாடி முட்டை இருக்குது."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். போனில் முதலாளியின் செருமல் கேட்டது.

"சாவி அவங்கிட்டயே இருக்கட்டும். ஆக்டிங் டிரைவர் ஒருத்தன அனுப்பறேன், ராத்திரிக்கு அவன் ஓட்டட்டும், இவன் பக்கத்துல உக்காரட்டும். அவன் கூலிய இவனுக்குத் தர்ற படிக்காசுலதான் புடிப்பேன். சரியா?"

"சரிங்க சரிங்க," என்றார் டிரைவர் அவசரமாக, முதலாளியின் மனம் மாறுவதற்குள்.

மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தும், தூசிக்கு மாஸ்க்கும் கொடுத்தேன். தூக்கம் குறைவாக வரும் மாத்திரையைக்கூட இன்றைக்கு வேண்டாம், வண்டி ஓட்டாத ஒரு நாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் போகவும் சொன்னேன். "கேக்க வந்தத மட்டும் தர மாட்டீங்களா?" என்று டிரைவர் சிரித்தார்.

அடுத்த வாரம் புது லாரி எங்கள் கடைக்கு எதிரே நின்றது. அவரே ஓட்டி வந்திருந்தார். முட்டை ஒன்றுகூட உடையவில்லையாம், இரண்டாவது நடையும் அவருக்குத்தானாம். கூட வந்த மனைவி மாஸ்க் இன்னும் கொஞ்சம் வாங்கினார். முதல் நடையைக் காப்பாற்றிக்கொள்ளக் கையிலிருந்து எவ்வளவு ஆயிற்று என்று அக்காவிடம் அவர்தான் சொன்னார். எங்கள் கடையில் நூற்றுப் பத்து, ஆக்டிங் டிரைவருக்கு ஆயிரத்து இருநூறு. மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய்.