ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு

அரசாங்கம் அந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர் வேறு. குடியிருப்பவர்கள் அதைக் கல்லுடைப்பு என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது ஏழைகள் விடுதி. கதியற்றவர்கள் வாசலில் வந்து நின்றால் உள்ளே விடுவார்கள். ஆனால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். முற்றத்தில் உட்கார்ந்து கல் உடைத்தால்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாடும், வெளியே கூலி வேலை செய்கிற ஆகக் கடைசி ஆளின் சாப்பாட்டைவிட ஒரு படி மட்டமாக இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் ஊரே வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று விதி எழுதியவர்கள் பயந்தார்கள். இப்போது அந்த முற்றத்தில் துணி காய்கிறது. மழை விட்டதும் மண்ணிலிருந்து ஜல்லி எட்டிப் பார்க்கும். வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் தெரியும்.

கீழ்த்தளத்தின் கடைசி வீட்டில் ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. தம்பி கொத்தனாராக இருந்தவன். சாரத்திலிருந்து விழுந்ததில் வலது பக்கம் மொத்தமாகப் போய்விட்டது. வேலையில் அடிபட்டால் காப்பீடு உண்டுதான். ஆனால் காப்பீடு என்ற யோசனை பிறந்தபோது அதை யோசித்தவர்களின் மனக்கண்ணில் இருந்தவர் மாதச் சம்பளக்காரர். சம்பளத்தில் பிடித்தம் உள்ளவர். காலையில் கூப்பிட்டு சாயங்காலம் அனுப்பிவிடுகிற ஆள் அவர்கள் கண்ணில் படவில்லை. ஆக, தம்பிக்கு மிஞ்சியது உதவித்தொகை ஒன்றுதான்.

அந்த உதவித்தொகைக்கும் ஒரு வரலாறு உண்டு. அக்கா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில், யுத்தம் முடிந்த சூட்டில், உதவி என்பது தானம் அல்ல, உரிமை என்று பேசினார்கள். யாருடைய வீட்டுக்குள்ளும் புகுந்து பானையைத் திறந்து பார்க்கக் கூடாது என்று சட்டமே வந்தது. அவள் வேலைக்குப் போகிற வயதுக்குள் காற்று திசை மாறிவிட்டது. கூடப் பிறந்தவர்கள் கைநிறையச் சம்பாதிக்கும்போது சர்க்கார் எதற்குச் சோறு போட வேண்டும் என்று கேட்டார்கள். முதலில் குடும்பம், குடும்பம் இல்லாவிட்டால்தான் அரசு என்றாயிற்று. அப்படியானால் குடும்பம் என்பது எது? ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் குடும்பம் என்று விதி எழுதினார்கள்.

அக்காவும் தம்பியும் ஒரே அடுப்பில் சாப்பிட்டால் அவளுடைய சம்பளம் அவனுடைய வருமானம்; உதவித்தொகை கிடையாது. அந்தச் சம்பளத்தில் இரண்டு பேருக்கு மருந்தும் சாப்பாடும் ஆகாது. சரி, தம்பி தனி ஆள் என்று சொல்லலாம். அதிலும் ஒரு முள் இருந்தது. தனியாக இருக்கிற, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஆளை ஊருக்கு வெளியே உள்ள காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே தம்பி யாருமற்றவனாகவும் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் தானே செய்ய முடிந்தவனாகவும் இருக்க வேண்டும்.

வீட்டை இரண்டாகப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். தம்பியின் பழைய கூட்டாளி ஒருவர் கட்டினார். தம்பி கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு வரிக்கும் குற்றம் கண்டுபிடித்தான்.

"தூக்குக்குண்டு எங்க? கண்ணாலயே கட்டுறியா?"

"உன் வாய் மட்டும் விழாம தப்பிச்சிருச்சு பாரு," என்றார் கூட்டாளி.

கட்டிலின் தலைமாட்டு உயரத்தில் ஒரு செங்கல்லுக்கு மட்டும் சாந்து வைக்க வேண்டாம் என்று தம்பி சொன்னான். அதை உருவினால் குரல் போகும், ஒரு கிண்ணமும் போகும். அந்தக் காலத்தில் அந்தக் கட்டடத்தில் வந்து சேர்ந்த குடும்பங்களை அதிகாரிகள் பிரித்து வைத்தார்கள். இப்போது குடியிருப்பவர்களே செங்கல் வாங்கிப் பிரிந்துகொண்டார்கள். கல்லுடைப்பில் இரண்டு அடுப்பு இல்லாத வீடு குறைவு. மூலைக்கடையில் வேறெதுவும் விற்காவிட்டாலும் பழைய சின்ன அடுப்பு விற்கும்.

சோதிக்க வருகிற அதிகாரியை எல்லோரும் அடுப்புக்காரர் என்பார்கள். அமைதியான மனிதர். உள்ளே வந்ததும் புறங்கையால் இரண்டு அடுப்பையும் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் சூடாக இருந்தால் சரி. அவர் வாசலில் தெரிந்ததுமே மாடி வீட்டு பஸ் டிரைவர் "தண்ணி வந்துருச்சு!" என்று கத்துவார். எல்லா வீட்டிலும் இரண்டாவது அடுப்பு பற்றிக்கொள்ளும். ஒரு தடவை அடுப்புக்காரரே நிமிர்ந்து பார்த்து, "குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. நான் வர்றப்பல்லாம் எங்கிருந்துங்க வருது உங்களுக்கு மட்டும்?" என்று கேட்டார். டிரைவர் அசரவில்லை. "உங்க ராசி சார்!"

ஆரம்பத்தில் அக்கா இரண்டு அடுப்பிலும் தானே சமைத்தாள். ஆனால் அவள் வேலையில் இருக்கும்போது அடுப்புக்காரர் வந்தால்? தம்பி இடது கையால் சமைக்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. உட்கார்ந்தபடியே உடம்பைச் சாய்த்து, பாத்திரத்தின் பிடியைச் செயலிழந்த கையின் முழங்கையால் அழுத்திக்கொள்வான். தீப்பெட்டியைப் பல்லில் கவ்வி இடது கையால் உரசுவான். பால் எடுத்துவைத்தான், கொட்டினான், சுட்டுக்கொண்டான், திட்டினான், கடைசியில் கற்றுக்கொண்டான். அடுப்புக்காரர் எப்போது வந்தாலும் முதல் வேலையாக டீ போட்டு நீட்ட வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம்.

"நீ பேசி நிரூபிக்க வேணாம்டா. டீ குடிச்சிட்டா அந்த ஆளுக்கே தெரியும்."

வருஷங்கள் ஓடின. சலவைக்கூடத்தில் வெளுப்பு மருந்தின் ஆவி அக்காவின் நெஞ்சுக்குள் இறங்கியது. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் வந்து சமைக்கத் தெம்பில்லாத நாட்களில் செங்கல் ஓட்டை வழியாகக் கிண்ணம் அவள் பக்கம் வரத் தொடங்கியது. பிறகு தினமும் வந்தது. கடைசியில் தம்பியின் அடுப்பில்தான் இரண்டு பேருக்கும் சமையல். அக்காவின் அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்தது. அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள். அவளுக்குச் சாப்பாடு போடுவது அவன்.

"இந்த வேலைய விடலேன்னா நெஞ்சு தாங்காது," என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் சிரித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். வேறு என்ன செய்ய முடியும்?

அப்போதுதான் புதிய யோசனை வந்தது. வீட்டில் முடியாதவரைப் பார்த்துக்கொள்வதும் உழைப்புதான், அதற்கும் சம்பளம் தர வேண்டும் என்று எங்கோ யாரோ எழுதி, யாரோ படித்து, கடைசியில் சட்டமாகிவிட்டது. அடுப்புக்காரர் அன்று அடுப்பைத் தொடவில்லை. டீயைக் குடித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"பராமரிப்புச் சம்பளம்னு ஒண்ணு வந்திருக்கும்மா. இவரப் பாத்துக்கிறதுக்கு உங்களுக்கே குடுப்பாங்க. சலவைக்கூடத்த விட்டுரலாம்."

"நாங்க தனித்தனி வீடு சார்," என்றாள் அக்கா. பழக்கதோஷம்.

அடுப்புக்காரர் சுவரைப் பார்த்தார். கட்டிலின் தலைமாட்டில், ஒரே ஒரு செங்கல்லைச் சுற்றிச் சாந்து இல்லாத கோட்டைப் பார்த்தார்.

"அந்தச் செங்கல்ல நான் எப்பவோ பாத்துட்டேன். பழசக் கிளற மாட்டாங்க, சட்டத்துலயே எழுதியிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். இவரால தானா சமைச்சுச் சாப்பிட முடியாதுன்னு டாக்டர் போர்டு சொல்லணும். முன்னால அடுப்ப வச்சுப் பாப்பாங்க. முடிவு வர்ற வரைக்கும் சுவரு இருக்கட்டும்."

அவர் போனதும் அக்கா தன் பக்கம் போய்ச் செங்கல்லை உருவினாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் தம்பியின் முகம்.

"கேட்டியாடா?"

"கேட்டேன். சமைக்கத் தெரியாத மாதிரி நடிக்கணும்."

"நடிக்க என்ன இருக்கு? தீக்குச்சியக் கீழ போடு. அவ்வளவுதான்."

"கத்துக்கோ கத்துக்கோன்னு உயிர எடுத்தே. இப்ப மறந்துருன்றியா?"

ஒத்திகை பார்த்தார்கள். அக்கா டாக்டர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி தீப்பெட்டியைத் தவறவிட்டான். அது கீழே விழுமுன் கை தானாகத் தாழ்ந்து பிடித்தது. மறுபடியும். பாத்திரத்தைச் சாய்க்கச் சொன்னாள்; முழங்கை போய் அழுத்திக்கொண்டது.

"உனக்குக் கொழுப்புடா."

"எனக்கு இல்ல. இந்தக் கைக்கு."

முதலில் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும்வரை தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தீப்பெட்டியை எடுத்து, கவனமாக, கீழே போட்டான். "இப்படியா?" என்றான். "இப்படித்தான்," என்றாள் அவள்.

போர்டு கூடியது அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியின் மாடியில். ஓர் அறையைச் சமையலறை மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். அடுப்பு, பால், டீத்தூள், சர்க்கரை, கோப்பைகள். அக்காவை வெளியே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். டாக்டரம்மா இளவயது. போட்டிருந்த வெள்ளைக் கோட்டு தான் வெளுத்ததாகத்தான் இருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"ஒரு டீ போடணும், அவ்வளவுதான். முடியலேன்னா விட்டுருங்க. தப்பே இல்ல," என்றார் டாக்டரம்மா.

தம்பி தீப்பெட்டியை எடுத்தான். கீழே போட்டான். அக்காவுக்கு உயிர் வந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி போட்டான். முகத்தில் வியர்வை, அது நடிப்பல்ல. டாக்டரம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. தானே அடுப்பைப் பற்றவைத்து, பாலையும் ஏற்றி வைத்துவிட்டு, குறிப்பு எழுத மேசைப் பக்கம் திரும்பினார்.

பால் பொங்கி விளிம்புக்கு ஏறியது.

தம்பியின் கை யாரையும் கேட்கவில்லை. தீயைக் குறைத்தது. முழங்கை போய்ப் பிடியை அழுத்தியது. டீத்தூள் விழுந்தது. கோப்பை நகர்ந்து வந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்தால் எப்படி நிமிர்ந்து பார்ப்பானோ அப்படியே தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"சர்க்கரை எவ்வளவு மேடம்?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை இருமல் வரவில்லை.

டாக்டரம்மா டீயைக் குடித்தார். நல்ல மனதோடு, அவனைப் பாராட்டும் குரலில், "இவ்வளவு தூரம் தானா தேறி வந்திருக்கீங்களே, பெரிய விஷயம்," என்றார். அதைத்தான் எழுதவும் எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். இறங்கும் இடம் நெருங்கியபோதுதான் கேட்டாள்.

"வேணும்னே பண்ணியாடா?"

"தெரியலக்கா," என்றான். பிறகு, "பால் பொங்குச்சு," என்றான்.

அவனைத் தூக்கி இறக்க மாடி வீட்டு டிரைவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அன்று அவருக்கு ஓய்வு நாள், நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருந்தார். "சுவர இடிக்க ஆள் வேணுமா? கடப்பாரை ரெடி," என்று சிரித்தபடி ஆரம்பித்தவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த முறை அடுப்புக்காரர் வந்தபோது டிரைவர் வழக்கம்போல் தண்ணீர் வந்துவிட்டதாகக் கத்தினார். அடுப்புக்காரர் தம்பி பக்கம் நுழைந்து, புறங்கையால் அடுப்பைத் தொட்டார். சூடு. சுவருக்கு அந்தப் பக்கம் போய் அக்காவின் அடுப்பையும் தொட்டார். அதுவும் சூடு, மேலே வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"அப்பீல் பண்ணலாமா சார்?" என்று கேட்டாள் அக்கா.

"பண்ணலாம்மா. அதுலயும் அடுப்பு வைப்பாங்க." மூடின பாத்திரத்தை மறுபடியும் பார்த்தார். "அவரு உங்களுக்கும் சேத்துத்தான் சமைக்கிறாரு, இல்ல? பாரத்துல பாத்துக்கிறவங்கள ஒரு கட்டத்துல எழுதணும், பாத்துக்கப்படுறவர இன்னொரு கட்டத்துல. உங்க ரெண்டு பேரையும் எதுல எழுதுறதுன்னு எனக்குத் தெரியல."

தம்பி போட்ட டீயைக் குடித்துவிட்டு அவர் போனார்.

அக்கா சலவைக்கூடத்துக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்குள் கல் உரசுகிற சத்தம். செங்கல் உருவப்பட்டு, ஓட்டையில் மூடி போட்ட சாப்பாட்டுப் பாத்திரம் வந்து நின்றது. பின்னால் தம்பியின் இடது கை மட்டும் தெரிந்தது.

"உப்பு குறைச்சிருக்கேன். டாக்டர் சொன்னாருல்ல."

அவள் அதைப் பையில் வைத்தாள். தன் அடுப்பில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்த வெறும் தண்ணீரைப் பார்த்தாள். அணைக்கப் போன கை நின்றது. அடுப்புக்காரர் வாசலைத் தாண்டிவிட்டதாக டிரைவர் இன்னும் குரல் கொடுக்கவில்லை. அவர் திரும்பி வந்தாலும் வருவார். தீயைக் குறைத்து வைத்தாள்.

"நான் போனப்புறம் மேல் வீட்ல சொல்லி என் அடுப்ப அணைக்கச் சொல்லு," என்றாள்.

"சரிக்கா."

செங்கல் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அதன் விளிம்புகள் வருஷக்கணக்கில் உருவி உருவி மழுங்கிப்போயிருந்தன. முன்போல இறுக்கமாக அது பொருந்துவதில்லை. அவள் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, அதை வரிக்கு வரி சரியாக உள்ளே தள்ளிவிட்டு, வேலைக்குப் போனாள்.