தங்கம் போன பக்கம்

போன வாரம் வீட்டுக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி, முன்னறை ஜன்னலில் நிற்கும் சிவப்புக் கண்ணாடிப் பூச்சாடியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் தங்கமெல்லாம் போயிருக்கே, உள்பக்கமா திருப்பி வைக்கக் கூடாதா?" என்று கையை நீட்டினாள். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில், பாவம், அவள் கையிலிருந்த தேத்தண்ணி சீலையில் சிந்திவிட்டது. சாடியின் வயிற்றில் எனாமலில் எழுதிய வெள்ளைப் பூக்கள். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தங்கப் பட்டி. அந்தப் பட்டியில் சரிபாதி இல்லை. இல்லாத பாதியைத்தான் நான் தெருப்பக்கம் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹாஜியார் ஞாபகம்தான் வரும்.

ஹாஜியாருக்குக் கண்டி டவுனில் பழைய சாமான் கடை. கல்யாணத்துக்கு முன்பு நான் அங்கேதான் வேலை பார்த்தேன். அப்படியொரு சந்தேகப் பிராணியை நான் கண்டதே இல்லை. பாலில் தண்ணீர், மழையில் சூழ்ச்சி, என் வயிற்றுவலியில் பொய் என்று எல்லாவற்றிலும் சந்தேகம். ஆனால் கண்ணாடிச் சாமானைக் கையில் எடுத்துவிட்டால் அந்தச் சந்தேகம் ஒரு வித்தையாகிவிடும். வெளிச்சத்துக்குப் பிடித்துக் குமிழி தேடுவார். பூ வேலை கையால் எழுதியதா, அச்சா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். கடைசியில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். உண்மையிலேயே பழசென்றால் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். அரத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கியதென்றால் ஒரே திசையில் ஓடும். "சாமான் பொய் செல்லாது மகள். கொண்டு வாற ஆளப் பாருங்க" என்பார். "சொல்" என்பது அவர் வாயில் "செல்" என்றுதான் வரும்.

ஒருநாள் காலை, அம்பிட்டியப் பக்கத்திலிருந்து என்று சொல்லிக்கொண்டு ஒரு சிங்கள மாத்தயா வந்தார். வெள்ளைச் சட்டை, காலில் நல்ல சப்பாத்து, நல்ல பேச்சு. பாட்டனார் காலத்துச் சொத்து என்று சொல்லிப் பொதியைப் பிரித்தார். உள்ளே இந்தச் சாடி. ஹாஜியார் தடவினார், தட்டினார், கவிழ்த்தார். ஐரோப்பாவில் பொஹீமியா என்ற இடத்தில் செய்த சாமான், அசல் பழசு, சந்தேகமில்லை என்றார். அவர் வாயில் "சந்தேகமில்லை" வந்தது எனக்கே ஆச்சரியம். ஆனால் தங்கப் பட்டியில் விரல் நின்றுவிட்டது. கைபட்டுத் தேய்ந்தால் சுற்றிவரத் தேயும். இதில் பாதி பளபள, பாதி துடைத்துவிட்டாற்போல் வெறுமை. யாரோ வேண்டுமென்று தேய்த்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்டார். பழசென்றால் அப்படித்தான் இருக்கும் என்று மாத்தயா சிரித்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது, பங்களாவுக்குக் கடைச் சாமான் போட்ட எங்கள் அப்பாவிடம் துரைசானி கொடுத்துவிட்டுப் போன சாடி அது. எங்கள் வீட்டில் அதற்கு லண்டன் சாடி என்று பெயர். தைப்பொங்கலுக்குக் குத்துவிளக்கு துலக்கிய அம்மா, தங்கப் பட்டியைப் பித்தளை என்று நினைத்து, அதையும் புளியும் தேங்காய்த் தும்பும் போட்டு விளாசிவிட்டாள். அப்பா கத்திக்கொண்டு ஓடிவந்ததில் பாதியாவது தப்பியது. அன்றிலிருந்து அம்மா வெறும் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பித்தான் வைப்பாள். பிறகு தமிழர் வீடுகளை அடித்து நொறுக்கிய கலவரம் வந்தது. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, சாடியும் இல்லை.

ஹாஜியாரைப் பின்னறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதும்விட்டேன். மனுஷன் என்னையும் சந்தேகப்பட்டார்! "நீங்க செல்றத நான் எப்பிடி நம்புற?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வேலையை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். அதற்குள் அவர் மாத்தயாவிடம், சாடியை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும், பின்னேரம் வாங்க என்று அனுப்பிவிட்டு, என்னைக் கடையை விட்டு அசையவிடாமல் ஆளனுப்பி அம்மாவைக் கூப்பிட்டார். நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவேனாம். மேசையில் நாலைந்து சாமான்களோடு சாடியையும் வைத்தார், வெறும் பக்கம் வாசலைப் பார்க்க.

அம்மா வந்தாள். "மகளுக்கு என்னங்க?" என்று பதறிக் கேட்டுக்கொண்டே மேசையருகில் வந்தாள். பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் போய்ச் சாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது. அப்புறம்தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே விளங்கியது. முகம் செத்துப்போயிற்று. "இது உங்கட சாமானா?" என்று ஹாஜியார் கேட்டார். "இல்லங்க. நம்மளுது இல்ல" என்றாள் அம்மா. என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், "எடுத்தவன் இந்த ஊர்லதானேடி இருக்கான்? அப்பா இப்பத்தான் கடையத் திறந்திருக்காரு. சாடியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று காதுக்குள் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

நான் உள்ளே வந்தபோது ஹாஜியார் சாடியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். "அம்மா பொய் செல்றா. கைய நான் பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். பின்னேரம் மாத்தயா வந்ததும், சாடிக்குச் சொந்தக்காரர் அடையாளம் கண்டுவிட்டார், அவரையும் கூப்பிடுகிறேன், மூவருமாக உட்கார்ந்து பேசுவோம் என்று சிங்களத்தில் தன்மையாகச் சொன்னார். மாத்தயா மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு அவசர வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். வரவே இல்லை. அவரே எடுத்தாரோ, எடுத்தவனிடம் வாங்கினாரோ, அது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹாஜியார் என்னிடம் கொடுத்தனுப்பி, சாடி வீட்டுக்கு வந்தும் அம்மா அதை முன்னறைக்கு வரவிடவில்லை. சாகும்வரை அது புது அலுமாரிக்குள், சீலைகளுக்குப் பின்னால்தான் கிடந்தது. கதவு தட்டினால் முதலில் அலுமாரியைப் பூட்டிவிட்டுத்தான் போய்த் திறப்பாள். தன் வீட்டுச் சாமானையே திருட்டுச் சாமான்போல் ஒளித்து வைத்தாளே என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிறு எரியும்.

அம்மா போனபின் சாடியை நான் ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். உறவுக்காரிக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. சீலையைத் துடைக்கத் துணி கொடுத்தேன். அவள் போனபிறகு, சாடி அரை விரலளவு நகர்ந்திருந்ததைக் கண்டு வெறும் பக்கத்தைச் சரியாகத் தெருவுக்குத் திருப்பி வைத்தேன். அந்த வழியாகப் போகிறவர்கள் சிலர் நின்று சாடியைப் பார்ப்பார்கள். இதை முன்பே கண்டவர் யாராவது உண்டா என்று, நான் உள்ளே நின்று அவர்களுடைய முகத்தைப் பார்ப்பேன்.