சிவப்புத் துணி கட்டிய செடிகள்

என் மாமா பறவைகளைப் பற்றி எழுதியவர். காகம், மைனா, கொண்டைக்குருவி என்று நாம் தினமும் காண்பவற்றில் வாரம் ஒன்றை, புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்காகப் பத்திரிகையில் அறிமுகப்படுத்துவார். அவற்றைத் தொகுத்து வந்த புத்தகம் இப்போது என் மகளின் பள்ளிக்கூட நூலகத்திலும் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை.

மாமா கண்டி நகரில் கிளார்க். அவருக்குப் பறவைகளைச் சொல்லிக் கொடுத்தவள் அவருடைய சொந்த அக்கா, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் பெரியம்மா. வாசிக்கத் தெரியாதவள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தம்பி வந்தால் போதும், பிளேன்டீயை ஆற்றிக் கொடுத்தபடியே தெரிந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுவாள். அப்படித்தான் அந்த இரகசியத்தையும் சொன்னாள். தேயிலைச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டினால் பெண்கள் அதில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். குஞ்சு பறக்கும்வரை யாரும் அந்தச் செடியில் கைவைப்பதில்லை. வேலையை மேற்பார்க்கும் கங்காணி கேட்டால் சாமிக்குக் கட்டியது என்பார்கள். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

தம்பிதானே என்று சொன்னாள். தம்பி அதை அச்சில் போட்டுவிட்டார்.

பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடியவள் நான். எட்டு வயது. பெரியம்மாவின் பெருமை ஊரறிய வேண்டாமா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் கணீரென்று வாசித்தேன்.

"போதும்டி, வீட்டுக்குப் போ," என்றாள் பெரியம்மா. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

கங்காணி சிரித்தார். "நல்லா வாசிக்கிறியே பாப்பா. எங்க, அந்தச் செடியைக் காட்டு பாப்போம்."

காட்டினேன். ஒன்றல்ல, மூன்றையும் காட்டினேன்.

"சாமி பேரைச் சொல்லியா என்னை ஏமாத்துனீங்க?" என்று, கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து, பெரியம்மாவின் கையாலேயே மூன்றையும் வெட்ட வைத்தார். ஒரு கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள் இருந்தன.

அடுத்த முறை மாமா வந்தபோது அம்மா நடந்ததைச் சொன்னார்.

"நான் அக்கா பேரைப் போடலையே," என்றார் மாமா. பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த குருவியைப் பற்றிக் கேட்டார்.

பெரியம்மா வழக்கம்போலப் பிளேன்டீ கொடுத்தாள். கேட்டதற்கெல்லாம் "தெரியாது தம்பி" என்ற ஒரே பதில்தான். மாமா கோபித்துக்கொண்டு போய், தோட்டத்து மக்கள் கண்முன் பறப்பதைக்கூட அறியாதவர்கள் என்று எழுதினார். அதே லயத்தில் பிறந்தவர் அவர்.

அதையும் நான்தான் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றாள்.

அவ்வளவு பறவைகளையும் எப்படித்தான் மறந்தாளோ என்று அன்று எனக்கு ஒரே வியப்பு. மாமா பாவம் என்றுகூட நினைத்தேன்.