அவுட் இட் கேம்

இன்று காலை என் பூனை கோப்பி, மல்லிகைச் சரத்தை நூலோடு விழுங்கிவிட்டது. சாமிக்கென்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வாங்கி வந்த சரம். அதை மேசையில் வைத்தது நான்.

பூச்சோங்கில் ஒரு விலங்கு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஒரு சீனப் பெண். நூல் குடலை அறுத்துவிடும் என்றார். முதலில் வாந்தி எடுக்க வைத்துப் பார்க்கலாம், வராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும்.

வெளியே காத்திருந்தபோது, விஷயம் தெரிந்து அம்மா போன் செய்தார்.

"பூவ ஒசரத்துல வைன்னு எத்தன வாட்டி சொல்றது? அது சாமி பூவுன்னு பூனைக்குத் தெரியுமா லா?"

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. "அவுட் இட் கேம்," என்றார் டாக்டர்.

ஆங்கிலத்தில் எல், எம் என்று வழுக்கி ஓடும் சொற்களே காதுக்கு அழகு என்று இந்தப் பக்கத்தில் பலமுறை வாதாடியிருக்கிறேன். இதில் கடைசி எம்மைத் தவிர அப்படி எதுவும் இல்லை. மூன்று குட்டைச் சொற்கள், இரண்டு இடத்தில் நாக்கு முட்டுகிறது. ஆனால் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடுகள் தாமாக மூடிக்கொள்ள, பிடித்து வைத்திருந்த மூச்சு இறங்குகிறது.

போனில் அம்மா, "என்னாம்மா சொன்னாங்க?" என்றார்.

"வெளிய வந்துருச்சும்மா."

"அப்பாடா," என்றார். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

உங்கள் காதில் தங்கிவிட்ட சாதாரண ஆங்கில வாக்கியம் எது? கீழே எழுதுங்கள். பூவை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அம்மா இன்னும் முடிக்கவில்லை.