கூடுதல் மார்க் வாங்கிய படகு

இருநூற்று அறுபத்திரண்டு பெரிதா, இருபத்தொன்று பெரிதா? யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். நீங்கள் இப்போது சொன்னதைத்தான் என் அப்பாவும் சொன்னார். சொன்னதோடு நிறுத்தாமல் புனே கட்கியில் இருக்கிற எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபை முழுக்கப் பரப்பிவிட்டார். அங்கே ஆரம்பித்த குழப்பம், எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

என் தங்கை பாய்மரப் படகு ஓட்டுகிறவள். மீன் பிடிக்க இல்லை, ரேஸ். கடலே இல்லாத புனேயில் படகா என்று கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. கடக்வாஸ்லா அணைத் தண்ணீரில்தான் ஓட்டுகிறாள். சின்னப் படகு, ஒரே பாய், ஒரே ஆள். டிங்கி என்பார்கள். முதன்முதலில் அவள் "டிங்கி" என்று சொன்னபோது, எங்கே கொசு கடித்தது என்று அப்பா கேட்டார். அப்பா வெடிமருந்து ஃபாக்டரி ஆபீசில் வேலை செய்கிறார். புனேக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பேச்சு திருநெல்வேலியை விட்டுக் கிளம்பவே இல்லை.

பன்னிரண்டாவது முடித்ததும், படிப்பை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டுப் படகிலேயே இருக்க வேண்டும் என்று தங்கை கேட்டாள். அப்பா ஒரு கண்டிஷன் போட்டார். தாய்லாந்தில் நடக்கப்போகிற சர்வதேசப் போட்டிக்கு அவள் போகலாம். "நல்ல மார்க் வந்தா இன்னும் ஒரு வருசம் படகு. இல்லன்னா மரியாதையா பி.காம்ல சேரணும், என்ன?" அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

கடைசி நாள் ரேஸ் முடிந்து அவள் போன் செய்தபோது நானும் வீட்டில் இருந்தேன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"எத்தன மார்க்கு ஏட்டி?"

"மார்க் இல்லப்பா, பாயிண்ட்ஸ். டூ சிக்ஸ்டி டூ."

"ஒனக்குப் பக்கத்துல உள்ளவளுக்கு?"

"டூ ஃபார்ட்டி எய்ட். ஆனா பா, சுனோ நா, கேளுங்க..."

"பதினாலு கூட! ஏல, கேட்டியா? பதினாலு மார்க்கு கூட எடுத்துருக்கா!"

அம்மா கையில் பிடித்த கரண்டியோடு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். தங்கை ஏதோ சொன்னாள், இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? லைனும் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ரிசல்ட் ஷீட்டில் அவளுக்கு உரிய ஒரு வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாள். இருபத்தொன்பது, முப்பது, இருபத்தெட்டு, முப்பத்தொன்று என்று வரிசையாக எண்கள். நடுவில் ஒரு முப்பத்திரண்டு மட்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தது. அப்பா கூட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டைச் சேர்க்காமல்தான் கணக்கு சரியாக வந்தது.

"இருக்கதுலயே நல்ல மார்க்கக் கழிச்சிட்டான் பாரு. வெளிநாட்டுக்காரன் புத்தி அப்படித்தான்."

நான் பி.இ. கம்ப்யூட்டர். ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்கில் கோட் எழுதுகிறேன். நானும் "ஆமா, அநியாயம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் நன்றி செலுத்துவதாக அப்பா சபையில் சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு வேலை வந்தது. "சும்மா ஜெயிச்சிட்டானு சொன்னா ஆளுகளுக்கு வெளங்காது. இந்த ரேசு எங்க ஆரம்பிச்சுது, எப்படி வளந்துதுனு சரித்திரத்த ரெண்டு நிமிசம் பேசு. தமிழ்ல பேசணும், ஒன் இந்தி எல்லாம் வேண்டாம்."

ஆபீசுக்குப் பக்கத்தில் வாகட்டில் நான் தங்கியிருக்கிற ஃபிளாட்டில் உட்கார்ந்து தேடினேன். முதல் அடியே சறுக்கல். 'சிங்கிள் ஹேண்டட்' என்பதை 'ஒற்றைக் கைப் படகுப் போட்டி' என்று எழுதினேன். மதுரைக்கார ரூம்மேட் எட்டிப் பார்த்து, "ஏன்டா, ஒரு கை இல்லாதவங்களுக்கான போட்டியா?" என்றான். அழித்துவிட்டு 'தனி ஆள் படகு' என்று மாற்றினேன்.

அதற்கப்புறம்தான் மண்டை காய ஆரம்பித்தது. கிரிக்கெட் என்றால் என்றைக்கும் மட்டை மட்டைதான். இங்கே படகே மாறிக்கொண்டு இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனி ஆள் படகுக்குப் போட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஒலிம்பிக்கில் வேறு படகு. அதற்கடுத்து வேறு. 1948-இல் கொடுத்த படகு உண்மையில் இரண்டு பேர் ஓட்டுவதற்காகச் செய்தது, அதில் ஒருத்தனை உட்கார வைத்து ஓட்டு என்றிருக்கிறார்கள். 1952-இல் ஃபின் வந்தது. கனத்த ஆட்களுக்கான படகு, 2021 டோக்கியோ வரைக்கும் நின்று ஆடிவிட்டுப் போயிற்று. நடுவில் கார் கூரையில் கட்டி எடுத்துப்போகிற மாதிரி லேசர் என்று ஒரு சின்னப் படகு 1996-இல் உள்ளே வந்தது. பெண்களுக்கென்று தனி ஆள் படகு 1992-இல்தான். 2008-இல் அதையும் தூக்கிவிட்டு, லேசர் உடம்பில் சின்னப் பாய் கட்டிக் கொடுத்தார்கள். அதுதான் தங்கை ஓட்டுகிற படகு. ஆனால் இப்போது அதற்குப் பெயர் லேசர் இல்லை, ஐ.எல்.சி.ஏ. சிக்ஸ். அதே படகு, வேறு பெயர். ஏன் என்று இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் வேறு வேறு மாதிரி புரிந்தது.

அப்புறம் புள்ளிக் கணக்குக்கு வந்தேன். முதலாவதாக வந்தால் ஒன்று. பத்தாவதாக வந்தால் பத்து. கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர்களே வெற்றி. தாய்லாந்தில் இருபத்தொன்று எடுத்தவள் தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறாள். இருநூற்று அறுபத்திரண்டு என்றால்?

பதறிப்போய் இன்னும் தோண்டினேன். ஒரு சமாசாரம் கிடைத்தது. 1948 ஒலிம்பிக்கில் லாகரிதம், அதான் மடக்கை, எல்லாம் போட்டு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், அதில் அதிகம் எடுத்தவன்தான் ஜெயித்தான். 1968-இல்தான் ஒலிம்பிக்கில் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அப்பா தப்பே செய்யவில்லை! பழைய சிலபஸ், அவ்வளவுதான். எனக்கு உயிர் வந்தது.

சனிக்கிழமை கட்கிக்குப் போனேன். தங்கை ஊர் திரும்பியிருந்தாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து கிடந்தது. தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன்.

"ஏய், அந்தக் காலத்துல கூட வாங்குனவன்தான் வின்னர். நாளைக்கு நான் அதச் சொல்லி மேட்டர முடிச்சிடறேன். நீ வாயத் தொறக்காத. ஒரு வருஷம் கிடைக்குதுல்ல?"

"அண்ணா, பாகல் ஹை க்யா, பைத்தியமா? அந்தக் கணக்குல போட்டாலும் நான் லாஸ்ட்தான்."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் நேராக ஹாலுக்குப் போனாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"பா, நான் லாஸ்ட்."

"எந்த லாஸ்ட்டு?"

"கடைசி. முப்பத்தோரு பேர்ல முப்பத்தொண்ணாவது. எத்தனாவதா வர்றோமோ அதான் பாயிண்ட். கம்மியா இருந்தாத்தான் நல்லது. போன்ல சொல்ல வந்தேன், நீங்க கேக்கல. அப்புறம் எனக்கும் சொல்லணும்னு தோணல."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்ப அந்த முப்பத்திரண்டு?"

"ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே கோட்டத் தாண்டிட்டேன். அதுக்குத் தண்டனை. மொத்த ஆளுங்களவிட ஒண்ணு கூடப் போடுவாங்க."

"அதக் கழிச்சது?"

"இருக்கிறதுலயே மோசமானது ஒண்ண விட்டுருவாங்கப்பா. எல்லாருக்கும்."

அப்பா இஸ்திரிப்பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். சட்டை பாதி தேய்த்தபடி மேசையில் கிடந்தது.

மறுநாள் சபையில் போதகர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அப்பா எழுந்து மைக்கிடம் போனார். "நான் போன வாரம் தப்பாச் சொல்லிட்டேன். எம்மவ ஜெயிக்கல. கடைசியா வந்துருக்கா. அந்த ரேசுல மார்க்கு கூடுனா தோல்வியாம். எனக்கே நேத்துதான் வெளங்கிச்சு." பின்வரிசையிலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் பலமாக "ஆமென்!" என்றார்கள். போதகர் கொஞ்சம் முழித்துவிட்டு, "தம்பி இப்ப சரித்திரம் சொல்லுவாரு" என்றார். நான் பாரிஸில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடித்தேன். வெளியே சாயா குடிக்கிறபோது ஒரு அத்தை தங்கையின் கன்னத்தைத் தட்டி, "கடைசினா என்னம்மா, மார்க்கு நெறைய எடுத்துருக்கியே" என்றார்.

வீட்டுக்கு நடந்தோம். ரயில்வே கேட் பக்கம் வந்தபோது அப்பா கேட்டார்.

"இந்த நம்பரு கொறையதுக்கு எத்தன வருசம் ஆவும்?"

"தெரியலப்பா."

"ஒரு வருசத்துல?"

"கொஞ்சம் குறையலாம். கூடவும் செய்யலாம்."

"அப்பறம் எந்தக் கணக்குல ஏட்டி ஒரு வருசம்னு கேட்ட?"

அது திட்டா, சம்மதமா? அம்மாவுக்கும் புரியவில்லை, தங்கைக்கும் புரியவில்லை. என்னைப் பார்த்தார்கள், நான் ரோட்டைப் பார்த்தேன். அப்பா முன்னால் நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் பி.காம் பேச்சை எடுக்கவில்லை, படகுப் பேச்சையும் எடுக்கவில்லை.

பி.காம் அட்மிஷன் நேற்றோடு முடிந்துவிட்டது, வீட்டில் யாரும் ஃபாரம் வாங்கப் போகவில்லை. தங்கை இப்போது கடக்வாஸ்லாவில் இருக்கிறாள், காற்றே இல்லையாம்.