எழுபத்தெட்டு டிகிரி

அந்தக் கம்ப்யூட்டரை நானே கட்டினேன். சென்னையில் வாங்கிய பாகங்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாளையங்கோட்டை வந்து, ஒரு பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். கொஞ்ச நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டாத குறைதான்.

என் மனைவி கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பிளாப்பியில் எடுத்து வைத்த பிரதிகள் பூஞ்சை பிடித்துத் திறக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் வேறொருவரைத் தேடிப்பிடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

சரஸ்வதி பூஜை கழிந்து மூன்றாம் நாள், அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிட்டது. நான்கு பக்கங்கள் போயின. புது பிளாப்பியில் பிரதி எடுக்கப் போனேன். அதுவும் பாதியில் நின்றது.

மெஷினை அணைத்து, மறுபடி போட்டவுடன் டெலீட் பொத்தானை அமுக்கினால் ஒரு நீலத்திரை வரும். அதில் பிராசசரின் சூடு தெரியும். வழக்கமாக நாற்பத்தாறு. அன்று எழுபத்தொன்று. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன், எழுபத்தெட்டு. அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சூடு பார்க்கவேண்டுமென்றால் அவள் வேலையை நிறுத்தியாக வேண்டும். ஒரு நாளில் பத்து தடவை அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டிருப்பேன். கட்டியவன் நான்தான், ஆனாலும் மூடியைத் திறக்கக் கை வரவில்லை. தொட்டால் மொத்தமும் போய்விடும் என்று பயம்.

பயந்தவனுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். நீ ஓயாமல் ஓட்டுவதால்தான் மெஷின் கொதிக்கிறது என்று அவளிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைக் கையால் எழுதத் தொடங்கினாள். பேனா பிடித்துக் கொப்புளித்த விரலில் துணி சுற்றிக்கொண்டு எழுதினாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தேன்.

கடைசியில் ஜங்ஷனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்.

"சூட்ட மட்டும் பாத்தா எப்படி வே? அதுக்குக் கீழ காத்தாடி சுத்து போட்டிருக்குமே, அதப் பாத்தீரா?"

பார்க்கவில்லை. அத்தனை தடவை அந்தத் திரைமுன் நின்றும் என் கண் அந்த ஒரு எண்ணை விட்டு நகரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். விசிறியின் சுற்று பூஜ்யம்.

மெஷினை அணைத்து மூடியைக் கழற்றினேன். பிராசசர் மேலிருந்த சின்ன மின்விசிறியின் அச்சில் வாழைநார் இறுகச் சுற்றியிருந்தது. நாரில் காய்ந்துபோன பிச்சிப்பூ நான்கைந்து.

பூஜையன்று எல்லோரும் மானிட்டருக்குத்தான் பொட்டு வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. உண்மையான ஆயுதம் உள்ளே அல்லவா இருக்கிறது என்று மூடியைத் திறந்து பிராசசருக்குச் சந்தனம் வைத்து, பூச்சரத்தையும் சாத்தியவன் நான்தான். மறுநாள் சரத்தை எடுக்கும்போது பாதி அறுந்து உள்ளே நின்றதைக் கவனிக்கவில்லை.

நாரை அறுத்தெடுத்து நிமிர்ந்தபோது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். தூசி என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் நாரை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சரத்தைக் கட்டியவளே அவள்தான். அவள் போட்ட முடிச்சு அவளுக்குத் தெரியாதா?

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெஷினை உயிர்ப்பித்து டெலீட் பொத்தானை அமுக்கினாள். நாற்பத்தாறு என்று வந்தது. விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"இனிமே சூட்ட நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். "நீங்க இங்கன நிக்காண்டாம்."